இருநூறு அடி தூரம்

வாகனச் சோதனைக் கூடத்துக்கு எதிர்வரிசையில் மூன்று கடைகள். ஒன்றில் தேநீர் விற்கிறார்கள், ஒன்றில் படிவம் எழுதிக் கொடுக்கிறார்கள், மூன்றாவது வாஷர் அக்காவுடையது. முதல் இரண்டு கடையிலும் கேட்டதைக் கொடுப்பார்கள். அக்கா கடையில் அப்படி எதிர்பார்த்துப் போனால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கும்.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை, மூன்று பக்கச் சுவரிலும் இரும்பு அலமாரி. மோட்டார் சைக்கிளுக்கு வெளியில் வாங்கி மாட்டும் சாமான் எதுவானாலும் அங்கே மாட்டிக்கொள்ளலாம். இன்ஜின் அடியில் கல் படாமல் காக்கும் தட்டு, உயரமான ஹேண்டில் பார், கூடுதல் விளக்கு, பெட்டி வைக்கும் சட்டம், தெருவையே திட்ட வைக்கும் சைலன்சர். அப்புறம் கார்டு. வண்டி பக்கவாட்டில் சாய்ந்தால் ஓட்டுகிறவர் காலும் இன்ஜினும் தரையில் நசுங்காமல் தாங்கிக்கொள்ளும் வளைந்த இரும்புக் குழாய்க்குத்தான் கடையில் அந்தப் பெயர்.

மாட்டுவது பாதிப் பிழைப்பு. மீதிப் பாதி கழற்றுவது.

சோதனைக்குப் போகும் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பது கூடத்தின் வழக்கம். அதனால் காலை ஏழு மணிக்கே அக்கா கடை வாசலில் வண்டிகள் வரிசை கட்டிவிடும். அவள் ஒவ்வொன்றையும் மொட்டையடிப்பாள். கழற்றியதைத் துணியில் சுற்றி, வண்டி எண் எழுதிய அட்டையைக் கட்டி, அலமாரியில் அடுக்குவது அவள் கணவர் வேலை. வண்டி நல்ல பிள்ளையாகக் கூடத்துக்குள் போகும், முத்திரை வாங்கும், திரும்பி வந்து மதியத்துக்குள் மறுபடி எல்லா நகையையும் பூட்டிக்கொள்ளும். இது சோதனை அதிகாரிக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். பதினொரு மணித் தேநீருக்கு அவர் அக்கா கடை ஸ்டூலில்தான் வந்து உட்காருவார். அரை மணி முன்னால் அவரே முத்திரை குத்திய வண்டியின் சைலன்சர் அவர் தலைக்கு மேலேயே துணிக்குள் படுத்திருக்கும். அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

பட்டப்பகலிலும் கையில் டார்ச் இல்லாமல் வண்டியைப் பார்க்க மாட்டார் என்பதால் அவருக்கு டார்ச் சார் என்று பெயர். அக்காவைவிடப் பத்து வயது சின்னவர். கடையில் உட்கார்ந்திருக்கும்போது "அக்கா" என்பார். கூடத்துக்குள் போய்விட்டால் "அம்மா". வெள்ளைச் சட்டைப் பையில் பேனாவைக் குத்திக்கொண்டதும் உறவு மாறிவிடும்.

அக்காவுக்கு வாஷர் என்று பெயர் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான புதிதில் அவள் நட்டு, போல்ட்டு செய்யும் ஒரு கம்பெனியில் எடைபோட்டுப் பொட்டலம் கட்டும் வேலையில் இருந்தாள். பத்து வருஷம். கண்ணை மூடிக்கொண்டு கையில் வாங்கினாலே அது எத்தனை மில்லி போல்ட் என்று சொல்லிவிடுவாள். கம்பெனியை மூடியதும் கணவர் கடைக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வந்தாள். ஒரு நாள் இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கை நுழையாமல் அவர் அரை மணி நேரம் முக்கிக்கொண்டிருந்தார். "நகருங்க" என்று இவள் கையை விட்டாள், நட்டு பிடித்தது, வேலை முடிந்தது. அதற்குப் பிறகு யார் ஃபிட்டர், யார் ஸ்பானர் கொடுப்பது என்ற பேச்சே அந்தக் கடையில் எழவில்லை.

கார்டு மாட்டும்போது குழாயின் ஓட்டையும் இன்ஜின் போல்ட் ஓட்டையும் எப்போதும் மில்லி மீட்டர் கணக்கில் விலகித்தான் நிற்கும். மற்றவர்கள் கடப்பாரை போட்டு நெம்பி, குழாயை வலுக்கட்டாயமாக இழுத்துப் போல்ட்டைத் தள்ளிவிடுவார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் இழுபட்ட குழாய் அந்தப் போல்ட்டை இரவும் பகலும் இழுத்துக்கொண்டேயிருக்கும். என்றைக்காவது ஒரு பள்ளத்தில் போல்ட் துண்டாகும். அக்கா நெம்ப மாட்டாள். எவ்வளவு இடைவெளியோ அவ்வளவுக்கு வாஷர் என்ற ஓட்டை வட்டத் தகட்டை வைப்பாள்; பெயர் வந்தது அதனால்தான். ஒன்று போதாது என்றால் இரண்டு, இரண்டு அதிகம் என்றால் ஒன்றைத் தேய்த்து மெலிதாக்குவாள். போல்ட் விரலால் சுழற்றினாலே உள்ளே போக வேண்டும். முடுக்கிய பிறகு நட்டின் மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அவசரப்படுகிற ஆட்களிடம் அவள் சொல்வது ஒன்றுதான்: "இரும்புகிட்ட வம்பு பண்ணா அது அப்பவே திருப்பிக் குடுக்காது. நேரம் பாத்துக் குடுக்கும்."

நான்கு வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை. வாடிக்கையாளர் ஒருவர் படிவக்கடையில் மாட்டிக்கொண்டார். அவர் முறை வந்துவிட்டதென்று கூடத்து வாசலிலிருந்து கூப்பிட்டார்கள். "நான் கொண்டுபோய் நிறுத்திடறேன்" என்று அக்காவின் கணவர் வண்டியை எடுத்தார். கார்டைக் கழற்றி அலமாரியில் வைத்தாகிவிட்டது. அக்கா இன்னொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஹெல்மெட்டோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் கிளம்பாமல் ஒரு கணம் வாசலிலேயே நின்றார். ஈரத்தைப் பார்த்து யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தலையை வெளியே எடுக்காமலே அவள் சொன்னாள்: "இருநூறு அடிதானே. போயிட்டு வாங்க."

சந்திலிருந்து பின்னோக்கி வந்த தண்ணீர் லாரி லேசாகத்தான் தொட்டது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. இன்ஜினுக்கும் சாலைக்கும் நடுவில் அவருடைய முழங்கால். சத்தம் கேட்டு எழுந்த அக்காவின் கண்ணில் முதலில் பட்டது கணவர் இல்லை. எதிரே துணி விலகித் தெரிந்த அந்தக் கார்டுதான். கீறல் இல்லாமல் பளபளவென்று அலமாரியில் இருந்தது.

முழங்காலில் தகடு வைத்துத் தைத்தார்கள். அது அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. லாரிக்காரரைத் திட்டினார்கள், சந்து முனையில் வண்டி வருவதைக் காட்டும் கண்ணாடி வைக்காதவர்களைத் திட்டினார்கள், மழையைத் திட்டினார்கள். அக்காவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தான் சொன்ன வார்த்தையை அவளும் வெளியே எடுக்கவில்லை. கணவரிடம்கூடப் பேசியதில்லை. விபத்துக்குப் பிறகு கடையைத் திறந்த முதல் நாளே வாசலில் ஒரு பலகையை மாட்டினாள். "கார்டு மட்டும் கழற்றித் தரப்படாது."

ஆட்கள் சிரித்தார்கள், கெஞ்சினார்கள், கோபித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். வரிசை பாதியாகச் சுருங்கியது. அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. "சைலன்சரைக் கழட்டறேன், வெளக்கக் கழட்டறேன், வேணும்னா உங்க சட்டையக்கூடக் கழட்டறேன். கார்டத் தொட மாட்டேன்."

அவளுடைய சொந்த வண்டி புதிதாக இருந்தவரை இது ஊராரோடு நடந்த சண்டை. எட்டு வருஷம் ஆன வண்டியைத்தான் சோதனைக்குக் கூப்பிடுவார்கள். இந்த வருஷம் அவள் வண்டிக்கு எட்டு முடிந்தது.

அந்த வண்டியில் அவளே வளைத்து மாட்டிய கார்டு இருந்தது. முன்னால் இரண்டு பக்கமும் வழக்கமான குழாய். இடது பக்கத்தில் மட்டும் அது பின்னால் வரை நீண்டு, பின்னிருக்கையின் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டோடு முடியும். மடங்காத காலை நீட்டி வைக்க அந்தத் தட்டு, வைத்த காலைக் காக்க அந்தக் குழாய். கணவர் வீட்டைவிட்டு எங்கே போவதானாலும் அந்த வண்டியின் பின்னிருக்கைதான். பேருந்தில் அந்தக் காலோடு உட்கார முடியாது, ஆட்டோவில் ஏறினால் கால் வெளியே நிற்கும்.

டார்ச் சார் வண்டியைச் சுற்றி வந்தார். குனியவில்லை. நின்றபடியே டார்ச்சை அடித்தார்.

"கார்டோட பாஸ் பண்ண முடியாதும்மா. உங்களுக்குத் தெரியாததா?"

"ஏன் முடியாது சார்?"

"வெளிய மாட்டினது."

"வண்டியோட எந்தப் பாகமும் ஹேண்டில் பார் நுனியத் தாண்டி வெளிய நீட்டக் கூடாதுன்னு உங்க சுவத்துல எழுதிருக்கு. நீட்டலயே." அவள் பையிலிருந்து இரண்டு நூல் துண்டுகளை எடுத்தாள். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு நட்டு கட்டியிருந்தது. ஹேண்டில் பாரின் இரண்டு நுனியிலும் தொங்கவிட்டாள். நூல் நேராக இறங்கி நின்றது. கார்டு இரண்டு பக்கமும் நூலுக்கு நான்கு விரல் உள்ளே இருந்தது. தட்டும் உள்ளேதான்.

"அது கம்பெனி மாட்டினதுக்கும்மா."

"யார் மாட்டினதுன்னு சுவத்துல எழுதலயே சார்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். டார்ச் சார் சீட்டில் காரணம் என்ற கட்டத்தில் "பொருந்தாத பாகம்" என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். முப்பது நாள் கெடு. அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் மறுசோதனைக்கு வரலாம். முப்பதாம் நாளும் தேறாவிட்டால் நம்பர் பிளேட்டைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். வண்டி வீட்டுக்குள் நிற்கும் இரும்பாகிவிடும், கணவர் வீட்டுக்குள் நிற்கும் மனிதராகிவிடுவார்.

மறுநாள் காலை முதல் வண்டியாக அக்கா வரிசையில் நின்றாள். அதே கார்டு, அதே நூல். அதற்கு மறுநாளும் அப்படித்தான். கூடம் திறந்திருந்த ஒரு நாளையும் அவள் விடவில்லை. "எந்த நம்பர் விதி சார்?" என்று தினமும் கேட்டாள். "பொருந்தாத பாகம்" என்று தினமும் சீட்டு வந்தது. சீட்டுகளைக் கடை வாசலில் ஒரு கம்பியில் குத்தித் தொங்கவிட்டாள். டார்ச் சார் பதினொரு மணித் தேநீரைக் கூடத்துக்குள்ளேயே வரவழைத்துக் குடிக்கத் தொடங்கினார்.

வீட்டில் கணவருக்கு இது பிடிக்கவில்லை. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, சாப்பாட்டுத் தட்டோடு வந்தவளைப் பார்த்துச் சொன்னார்: "நான் ஒத்தக் கால்ல நிக்கறேன்னா அது என் தலையெழுத்து. உனக்குத்தான் ரெண்டும் நல்லா இருக்கே. நீ எதுக்கு ஒத்தக் கால்ல நிக்கற?"

"சாப்பிடுங்க."

"அவரு என்ன பகையாளியா? கழட்டிட்டுப் போயி, முத்திரை வாங்கிட்டு, திருப்பி மாட்டு. ஊருக்கெல்லாம் அதைத்தானே செய்யற?"

"அதைத்தான் செஞ்சேன்" என்று அக்கா தட்டை அவர் மடியில் வைத்தாள். அதற்கு மேல் பேசினால் எதையாவது உளறிவிடுவோம் என்று அவளுக்குப் பயம். தண்ணீர் எடுக்கும் சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

கெடுவின் கடைசி நாள் காலையில் கணவர் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். விபத்து நடந்த நாளுக்குப் பிறகு அவர் கூடத்தின் வாசலை மிதித்ததில்லை. "நானும் வரேன்" என்றார். பின்னிருக்கையில் உட்கார்ந்து, தட்டில் காலை வைத்து, ஊன்றுகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டார். தனக்குத் துணையாக வருகிறார் என்று நினைத்த அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அது தப்புக் கணக்கு என்பது வாசலில் தெரிந்தது.

டார்ச் சார் கூடத்துக்கு வெளியிலேயே வந்து நின்றிருந்தார். இரண்டு ஆண்களும் கண்ணால் பேசிக்கொண்டார்கள். ஏற்கெனவே போனில் பேசி வைத்திருக்கிறார்கள்.

"ஒரு வழி சொல்றேன், கேளுங்க" என்றார் டார்ச் சார். "கார்ட இங்கயே, வாசல்லயே கழட்டுங்க. ஏறி ஓட்டக்கூட வேண்டாம். கையால உருட்டிட்டு உள்ள வாங்க, நான் முத்திரை போட்டுடறேன். வெளிய வந்து மாட்டிக்குங்க. ரோட்டுக்கே போக வேண்டாம். என் வேலையும் போகாது, உங்க பிளேட்டும் போகாது."

"எல்லாம் சேத்துப் பத்து அடி" என்றார் கணவர், வண்டியிலிருந்து இறங்கி ஊன்றுகோலை ஊன்றியபடி. "நான் இங்கயே நிக்கறேன். பத்து அடிதானேம்மா."

நியாயமான பேச்சுத்தான். பின்னால் வரிசையில் இருந்தவர்கள்கூடத் தலையாட்டினார்கள். ஆனால் அக்காவின் முகம் சிவந்துவிட்டது. அவள் கணவரைத்தான் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"இப்ப எதுக்கு அந்த நாள் கத?"

"இருநூறு அடிதானே, போயிட்டு வாங்கன்னேன். லாரிய ஏசினீங்க, மழைய ஏசினீங்க. நான் சொன்னதப் பத்தி நாலு வருஷமா ஒருத்தரும் பேசல. நானும் வாயத் தெறக்கல." குரல் உடைந்தது. அதை அவள் மறைக்கவில்லை. டார்ச் சார் பக்கம் திரும்பினாள். "அடிக் கணக்குப் பேசி ஒரு தடவ இவரு காலக் குடுத்துட்டேன் சார். இனிமே பத்து அடிக்கும் பேச மாட்டேன், பத்து அங்குலத்துக்கும் பேச மாட்டேன். எந்த விதிப்படி கழட்டணும்னு அந்தக் கட்டத்துல நம்பர எழுதுங்க. எழுதிட்டீங்கன்னா பிளேட்ட நானே கழட்டிக் குடுக்கறேன். ஸ்பானர் பையில இருக்கு."

வண்டியை உள்ளே உருட்டி தரையில் போட்டிருந்த கோட்டில் நிறுத்தினாள். நூல் இரண்டையும் தொங்கவிட்டாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

டார்ச் சார் மேசையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். புரட்டினார். திரும்ப முதலிலிருந்து புரட்டினார். வரிசை வாசலைத் தாண்டி வளர்ந்தது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பேனாவைத் திறந்தார், மூடினார். கடைசியில் புத்தகத்தை வைத்துவிட்டு, இத்தனை நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டார்ச்சைக் கார்டின் அடியில் அடித்தார்.

"இங்க ஏன் ரெண்டு வாஷர்?"

"ஓட்ட விலகியிருந்துது. நெம்பினா இன்ஜின் போல்ட் மேல இழுப்பு வரும்."

"ஒண்ணு மெலிசா இருக்கே."

"அரத்துல தேச்சேன்."

அவர் விரலால் தடவிப் பார்த்தார். மஞ்சள் கோடுகளை ஒவ்வொன்றாக வெளிச்சம் போட்டுப் பார்த்தார். ஒன்றும் விலகியிருக்கவில்லை. நூலைப் பிடித்து ஆட்டி, அது நிற்கும் வரை காத்திருந்து, நட்டுக்கும் குழாய்க்கும் நடுவே அளவு நாடாவை வைத்தார். பிறகு பின்னால் இருந்த தட்டைப் பார்த்தார். தட்டின் மேல் செருப்புத் தேய்ந்த தடம் இருந்தது. அதை வெகுநேரம் பார்த்தார்.

எழுந்து மேசைக்குப் போய் எழுதினார். சீட்டை நீட்டினார். காரணம் என்ற கட்டத்தில், "காப்புக் கம்பி உண்டு. கைப்பிடி அகலத்துக்குள் உள்ளது. தேறியது" என்று இருந்தது. கீழே முத்திரை.

"நாளைக்கு எல்லாரும் இதையே கொண்டாந்து காட்டுவாங்க, அக்கா" என்றார். கூடத்துக்குள் நின்று அவர் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"காட்டட்டும்."

"மேல இருந்து என்னைக் கேப்பாங்க."

"கேட்டா என் கடைக்கு அனுப்புங்க. நூல் தரேன்."

வாசலில் கணவர் ஊன்றுகோலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அக்கா சீட்டைக் காட்டவில்லை. வண்டியை அவர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். அவர் மெதுவாக ஏறி உட்கார்ந்தார். பிறகு அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார்:

"அன்னைக்கு வாசல்ல நான் யோசிச்சுக்கிட்டு நிக்கல. ஹெல்மெட் கொக்கி மாட்டிக்கிட்டு இருந்தேன். வண்டிய ஸ்டார்ட் பண்ணியாச்சு. நீ அடியில படுத்துக்கிட்டு என்னவோ சொன்ன. எனக்கு ஒண்ணும் கேக்கல. இருநூறு அடின்னு நீ சொன்னதே இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்."

அக்கா திரும்பவில்லை. நான்கு வருஷம். தினமும் கடையைத் திறக்கும்போது பலகையில் படித்த வார்த்தைக்குப் பின்னால் அவளுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை அது.

"கேட்டிருந்தா போயிருக்க மாட்டீங்களா?"

அவர் நேர்மையான மனிதர். யோசித்துப் பார்த்தார். "போயிருப்பேன்."

"அப்ப கேட்டா என்ன, கேக்காட்டி என்ன. நான் சொன்னது சொன்னதுதான்." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கிரீஸ் கன்னத்தில் கோடு போட்டது. "காலத் தட்டுல வையுங்க."

அவர் வைத்தார். அவள் கியரைப் போட்டாள். நூல்களை அவிழ்க்க மறந்துவிட்டாள். கடை வரைக்கும் இருநூறு அடியும் இரண்டு நட்டுகளும் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே வந்தன.